ஃபிரிட்ஜில் ஒட்டிய வாக்காளர் பட்டியல்

ஜூலை 3, திங்கள்

இன்று காலை ஐந்தேமுக்காலுக்குக் குளியலறையில் உட்கார்ந்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன். தரையில் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கவில்லை, அவ்வளவுதான். பிலோமி ஓடிவந்து கதவைத் தோளால் தள்ளித் திறந்து, என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நான் எழுபத்திரண்டு கிலோ. அவள் நாற்பத்தெட்டு. ‘விழுந்துட்டீங்களே’ என்று நாலைந்து முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் திருத்தினேன்.

இந்த நோட்டு பிற்காலத்தில் யார் கையிலாவது கிடைத்தால் குழப்பம் வரக் கூடாது. ஆகவே குறிப்பு: நான் இருதயராஜ், வயது எழுபத்தெட்டு, வருவாய்த் துறையில் தேர்தல் பிரிவுத் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திருச்சி, கருமண்டபம். பிலோமினா என் மனைவி, வயது எழுபத்து மூன்று. மகன் விக்டர் பெங்களூரில், மகள் ஆக்னஸ் சென்னையில்.

மாலையில் குக்கரை இறக்கி வைக்க என்னைக் கூப்பிட்டாள். வலது தோள் பிடித்துக்கொண்டதாம். ஆடி பிறக்கப் போகிறது, காற்று மாறுகிறது, அதனால் இருக்கும். தைலம் வாங்கி வரச் சொன்னாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் யாருடனோ அரை மணி நேரம் போனில் பேசினாள். யார் என்று கேட்டதற்கு விக்டர் என்றாள். என்ன என்று கேட்டதற்குச் சும்மா என்றாள்.

தைலம் வாங்க மறந்தேன்.

ஜூலை 8, சனி

விக்டரும் ஆக்னஸும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் இல்லை, திருவிழா இல்லை, யாருக்கும் கல்யாணம் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பிலோமி வைத்த கோழிக்குழம்பு அந்தச் சந்தேகத்தை அமுக்கிவிட்டது.

மூன்று மணிக்கு விக்டர், காரில் சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம் என்றான். மணிகண்டம் போகும் சாலையில் ஒரு வேப்பமரம் நிறைந்த காம்பவுண்டுக்குள் கார் திரும்பியது. சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லம். ‘அட, இப்படி ஒரு இடமா’ என்று ஆக்னஸ் ஆச்சரியப்பட்டாள். சின்ன வயதில் மிட்டாயைத் தின்றுவிட்டு இல்லை என்பாளே, அதே முகம்.

சிஸ்டர் ஜொவிட்டா என்று ஒருவர், குள்ளமாக, சுறுசுறுப்பாக வந்தார். வந்தவர் விக்டரைப் பார்த்து, "அப்பாவுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார். விக்டர் இருக்கு என்றான். "அப்பா தானா பாத்ரூம் போயிக்குவாங்களா?" போவார் என்றான். "அப்பாவுக்குக் கோபம் வருமா?" ஆக்னஸ் இருமினாள். அப்பா அங்கேதான், இரண்டடி தூரத்தில், செருப்புப் போட்டு நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

மேசையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. என் பெயர், வயது, வியாதிகள் எல்லாம் விக்டரின் கையெழுத்தில் பூர்த்தியாகி இருந்தன. கையொப்பம் மட்டும்தான் பாக்கி. நாற்பது வருடம் விண்ணப்பங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். விண்ணப்பதாரருக்கே தெரியாத விண்ணப்பத்தை இன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நான் கோபமாக இருந்தேன் என்று எழுதினால் அது குறைத்து எழுதியதாகும்.

ஜூலை 9, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய் வந்து இட்லி சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். இந்த வீட்டில் யார் எங்கே இருப்பது என்பதை இனி யாரும் தன்னிச்சையாக முடிவு செய்ய முடியாது. தேர்தல் நடக்கும். ரகசிய வாக்கெடுப்பு. பெரும்பான்மை எதுவோ அதற்கு அனைவரும் கட்டுப்பட வேண்டும்.

ஆக்னஸ் சிரித்தாள். விக்டர் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள். "சரிப்பா, நீங்களே நடத்துங்க. என்ன வந்தாலும் ஒத்துக்கறோம்" என்றான் விக்டர். ஜூலை முப்பது, ஞாயிற்றுக்கிழமை, வாக்குப்பதிவு. இருவரும் வந்துவிடுவதாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் நடந்தபோது பிலோமி சட்னிக் கிண்ணத்தை எடுக்க வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 10, திங்கள்

ஓய்வு பெற்று இருபது வருடம் கழித்துக் கைக்கு வேலை வந்திருக்கிறது. காலை ஆறரைக்கே ஸ்கேல், சிவப்புப் பேனா, வெள்ளைத் தாளுடன் உட்கார்ந்துவிட்டேன்.

போட்டியிடுபவை மூன்று. ஒன்று, இந்த வீடு. சின்னம்: சாவி. இரண்டு, சிஸ்டர்கள் இல்லம். சின்னம்: மணி. மூன்று, பெங்களூரில் விக்டரின் ஃபிளாட். சின்னம்: லிஃப்ட். அந்த லிஃப்ட்டில் போன வருடம் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டேன். அதற்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள், இருந்தாலும் ஜனநாயகம்.

வரைவு வாக்காளர் பட்டியல்: 1. இருதயராஜ். 2. விக்டர். 3. ஆக்னஸ். மருமகளும் மருமகனும் வேறு தொகுதி. மூன்று ஓட்டு இருப்பதில் ஒரு வசதி, சமநிலை வராது. ஆட்சேபணை, திருத்தம் ஏதும் இருந்தால் பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அடியில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

எல்லோர் என்றால், இப்போதைக்கு நானும் பிலோமியும்தான். அவள்தான் ஒரு நாளைக்கு முப்பது தடவை ஃபிரிட்ஜைத் திறக்கிறாள்.

ஜூலை 11, செவ்வாய்

தைலம் மறுபடி மறந்தேன். பேப்பர் வாங்கினேன்.

ஜூலை 12, புதன்

பிரச்சாரம் தொடங்கியது. இரண்டு ஓட்டைப் பிடித்தால் போதும், அதில் ஒன்று என்னுடையதே. ஆக்னஸைப் பிடிப்பது சுலபம். மத்தியானம் போன் போட்டு, பிரசவத்துக்கு வந்து அவள் மூன்று மாதம் இருந்த அறையில் இப்போது பெயின்ட் உரிகிறது, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசனை கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நடுநடுவே பிலோமி கண்ணுக்குச் சொட்டு மருந்து போட வந்தாள். ஒரு நாளைக்கு நான்கு வேளை, இரண்டு வகை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து நிமிட இடைவெளி. எது எந்தப் புட்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவை வந்ததில்லை. இன்று இடது கையால் போட்டாள். இரண்டு சொட்டு கன்னத்தில் விழுந்தது. கவனமாகப் போடக் கூடாதா என்று கேட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

தைலம் வாங்கினேன். தேய்த்தும் விட்டேன், அது பதிவாகட்டும். ரவிக்கையைச் சற்று இறக்கியபோது, தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். கதவில் என்றாள்.

எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ரேடியோவில் செய்தி நேரம் ஆகிவிட்டது.

ஜூலை 15, சனி

விக்டரிடம் பேசினேன். அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட வாசலைப் பற்றி இரண்டு வார்த்தை, பங்குச் சாமியார் என்னைப் பார்த்து ‘பிள்ளைகள் கைவிடாத மனுஷன்’ என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குச் சாமியார் அப்படிச் சொல்லவில்லை. சொல்லக் கூடியவர். விக்டர், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துத் தருகிறேன், வழுக்காத டைல்ஸும் போட்டுவிடலாம் என்றான்.

சாவிச் சின்னம் அமோகமாக முன்னேறுகிறது.

ஜூலை 17, திங்கள்

ஆட்சேபணைக்குக் கடைசி நாள். மனு எதுவும் வராது என்று தெரிந்தும், முறைப்படி மதியம் முதல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நாலு ஐம்பதுக்குப் பிலோமி வந்து ஒரு தாளை நீட்டினாள். காலண்டர் தாளின் பின்பக்கம். அப்படியே இங்கே படியெடுக்கிறேன்:

‘படிவம் ஆறு. பெறுநர்: தேர்தல் அலுவலர், ஹால் சோபா. பொருள்: பெயர் சேர்க்கக் கோருதல். ஐயா, நான் மேற்படி வீட்டில் முப்பத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எனக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகிவிட்டது. ஒரு வாரமாகப் பட்டியலைப் பார்க்கிறேன், என் பெயரைக் காணோம். இறந்துபோனவள் என்று நீக்கினீர்களா, குடிபெயர்ந்தவள் என்று நீக்கினீர்களா என்று தெரியவில்லை. சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, இ. பிலோமினா.’

பெயர் சேர்க்கப் படிவம் ஆறு, நீக்கப் படிவம் ஏழு என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு நினைவு வந்தது. அந்தக் காலத்தில் சரிபார்க்கப் பட்டியல்களை வீட்டுக்குக் கொண்டு வருவேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே பெயர்களை வாசிப்பாள், நான் டிக் அடிப்பேன். என் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போகாது என்று கலெக்டரே பாராட்டியிருக்கிறார். விட்டுப்போன பெயர்களில் பாதியைக் கண்டுபிடித்தவள் இவள். கலெக்டருக்கு அது தெரியாது.

மனுவை வாங்கித் தேதி போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வேண்டுமென்று விடவில்லை. என் பெயரை எழுதியபோதே அவளையும் எழுதிவிட்டதாக நினைத்துவிட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

படிவம் ஆறு வந்தால் அலுவலர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். சோபாவிலிருந்து சமையலறை பதினோரு எட்டு தூரம். போனேன். பெயர், வயது, குடியிருப்பு எல்லாம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முகத்தில் சிரிப்பில்லாமல் பதில் சொன்னாள். குடியிருப்புக்கு ஆதாரம் கேட்டேன். கத்தியால் அடுப்பு, அம்மி, மிக்ஸி, தேய்ந்துபோன வாசற்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். திருப்தி அடைந்து பெயரைச் சேர்த்தேன். வரிசை எண் நான்கு.

எந்தச் சின்னத்துக்கு என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஓட்டு ரகசியம்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க" என்றாள். பிறகு, "எதுக்குப் போடறதுன்னு முடிவு பண்ணணும்னா, வேட்பாளர ஒழுங்காப் பாக்கணும். அன்னிக்கு நான் கார விட்டு எறங்கவே இல்ல" என்றாள்.

உண்மைதான். அன்றைக்கு அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

பிள்ளைகளிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நாங்கள் இருவரும் போனோம். பிலோமி பட்டுச்சேலை கட்டவில்லை, ஆனால் அதற்கு அடுத்த ரகத்தைக் கட்டினாள்.

பிள்ளைகள் உடன் இல்லாததால் சிஸ்டர் ஜொவிட்டா வேறு வழியில்லாமல் எங்களிடமே பேசினார். பேசப் பேச நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். அன்றைக்கு என்னைக் கேட்காமல் விட்டதற்கு அவரே வருத்தம் சொன்னார். பிள்ளைகள் முன்னால் நின்று பேசும்போது பெரியவர்களைப் பார்க்க மறந்துபோகிறது என்றார்.

பிலோமி கேட்ட கேள்விகள்: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே அறையா, வேறு வேறா? இவருக்குக் கண் மருந்து நாலு வேளை யார் போடுவார்கள், ஐந்து நிமிட இடைவெளி பார்ப்பார்களா? ராத்திரி ஒருத்தர் விழுந்தால் தூக்க எத்தனை பேர் வருவார்கள்? எங்களில் ஒருத்தர் போய்விட்டால் மற்றவர் அங்கேயே இருக்கலாமா?

கடைசிக் கேள்வியின்போது நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கலாம்மா என்றார் சிஸ்டர்.

மத்தியானம் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நீள மேசை. முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மிளகு ரசம், அப்பளம். ஒரு பெண் பரிமாறிக்கொண்டு வந்தாள். பிலோமி முதலில் எழுந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்து கரண்டியை வாங்கப் போனாள். ‘உக்காருங்கம்மா’ என்றாள் அந்தப் பெண். உட்கார்ந்தாள். அவசரம் இல்லாமல் பிசைந்து, அவசரம் இல்லாமல் சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் கையில் ஊற்றிக் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் மேடை ஓரமாக நின்று ஏதோ சாப்பிடுவாள். அவள் சூடாக எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாற்பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தது இன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சரியாகத் தெரியாததால், அப்பளம் நமுத்திருக்கிறது என்று சொன்னேன். நமுக்கவில்லை.

ஜூலை 22, சனி

வரிசை எண் நான்கின் ஓட்டை வாங்கியே தீருவது என்று களத்தில் இறங்கினேன். அதிகாலையில் எழுந்து நானே காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மதியம் பாத்திரம் தேய்த்தேன், அவள் மறுபடி தேய்த்தாள். சாயங்காலம் துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மடித்தாள். மொத்தத்தில் அவளுக்கு வேலை கூடியது.

வாக்காளருக்கு ஆசை காட்டுவது நடத்தை விதிக்கு விரோதம் என்று அவளே நினைவூட்டினாள். ஆனாலும் மல்லிகைப்பூவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூலை 25, செவ்வாய்

இன்று இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 30, ஞாயிறு

தேர்தல் நாள். ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் பக்கம் பழைய சேலையைத் திரை கட்டி வாக்குச்சாவடி. பிஸ்கட் டின் மூடியில் கோடு வெட்டி வாக்குப்பெட்டி. டின் காலியாக இருப்பதை மூவருக்கும் காட்டி, டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கினேன். விரலுக்குப் பேனா மை. ஆக்னஸ் மை விரலைப் படம் எடுத்துத் தன் புருஷனுக்கு அனுப்பினாள். பிலோமி திரைக்குள் போனவள் வர நேரமானது. அரிசியில் வண்டு இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

பத்து நாற்பதுக்கு எண்ணிக்கை. முதல் சீட்டு, சாவி. இரண்டாவது, சாவி. மூன்றாவது, மணி. நான்காவது, சாவி. வீடு மூன்று, இல்லம் ஒன்று, லிஃப்ட் டெபாசிட் இழந்தது.

ஆக்னஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கள மன்னிச்சிருங்கப்பா, உங்களக் கேக்காம அங்க கூட்டிட்டுப் போனது தப்பு" என்றான் விக்டர். அவன் ஏற்கனவே குளியலறைக்குக் கம்பி வாங்கி வந்திருந்தான். மதியத்துக்குள் மாட்டியும் விட்டான். பெங்களூருக்கும் சென்னைக்கும் போன் பறந்தது. அப்பா அம்மா வீட்டிலேயே இருப்பார்கள், முடிவாகிவிட்டது என்று.

முடிவை அறிவித்தபோது பிலோமி ‘சரி’ என்றாள். யாருக்குக் காபி, யாருக்கு டீ என்று கேட்டாள். மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்க, வலது கையை இடது கையால் தாங்கி உயர்த்தினாள். பாதி உயரத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

மூன்று ஓட்டு வித்தியாசம் இல்லை, இரண்டுதான். ஆனாலும் அமோக வெற்றி. இன்று ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 31, திங்கள்

பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். காலையில் தேர்தல் தாள்களை அடுக்கிக் கோப்பில் போடும்போது பட்டியலைக் கடைசி முறையாகப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

யார் ஓட்டுப் போடலாம்? அந்த இடத்தில் சாதாரணமாகக் குடியிருப்பவர். முதல் விதியே அதுதான். சொந்த ஊர், சொந்த வீடு, பரம்பரை என்று வந்து கெஞ்சியவர்களை எல்லாம், ‘குடியிருக்கீங்களா, அத மட்டும் சொல்லுங்க’ என்று விரட்டியவன் நான். விக்டர் குடியிருப்பது பெங்களூரில். ஆக்னஸ் குடியிருப்பது சென்னையில். இந்த வீட்டில் குடியிருப்பது இரண்டே பேர். ஆகவே நான் முதலில் எழுதிய மூன்று பெயரில் இரண்டு தப்பு, எழுதாமல் விட்டது ஒன்று. பயிற்சிக்கு வந்த குமாஸ்தா இப்படிப் பட்டியல் போட்டிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

தகுதியில்லாத இரண்டையும் கழித்தால் வீடு ஒன்று, இல்லம் ஒன்று.

சமையலறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் தோசை மாவைக் கலக்கியபடி, ஜெயித்த பிறகு எதற்கு இதெல்லாம் என்றாள். நான் நகரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "பிலோமி, நீ என்ன நினைக்கிற? அதச் சொல்லு" என்றேன். இந்தக் கேள்வியை இதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணச் சேலை நிறம் பற்றிக் கேட்ட ஞாபகம். அதுவும் என் அம்மா கேட்டது.

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். "என்னால தூக்க முடியலங்க. அன்னிக்கு உங்களத் தூக்குனப்ப தோள்ல ஏதோ பிஞ்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த தடவ விழுந்தீங்கன்னா பக்கத்துல உக்காந்து அழத்தான் முடியும். கம்பி உங்களத் தூக்குமா? அந்தப் பயத்துலதான் விக்டருக்குப் போன் போட்டேன். என்னால முடியலடான்னுதான் சொன்னேன். அவன் நேரா உங்களக் கூட்டிட்டுப் போய் அங்க நிறுத்திட்டான். என்னம்மா செய்யலாம்னு ஒரு வார்த்த கேக்கல. உங்க மகன்தானே."

அங்கே போனால் எனக்கு என்ன வேலை இருக்கும், இங்கே தெருவில் நாலு பேராவது சார் என்று கூப்பிடுகிறார்கள், அங்கே நான் யார் என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. எழுதுவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"எனக்கும் அங்க வேல இருக்காது. அதுக்குத்தான் மணிக்கு ஓட்டுப் போட்டேன்" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு முதலில் வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

பிழை திருத்தம்: ஜூலை மூன்றாம் தேதி நான் குளியலறையில் விழுந்தேன். மே மாதத்தில் ஒரு தடவை மொட்டை மாடிப் படியிலும் விழுந்தேன். அதை அவளிடமும் சொல்லவில்லை. இன்று சொன்னேன். தெரியும் என்றாள். வேட்டியில் சுண்ணாம்பு இருந்ததாம்.

மறுவாக்குப்பதிவு, மாலை நாலு மணி, சமையலறை. திரை இல்லை, டின் இல்லை. தகுதியுள்ள வாக்காளர்கள் இருவர். அவள் ‘போகலாம்’ என்றாள். எனக்கு நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, புதன்

காலையில் சிஸ்டர் ஜொவிட்டாவிடம் போய்ப் புது விண்ணப்பம் வாங்கி, அவரவர் தாளை அவரவரே பூர்த்தி செய்தோம். ‘கோபம் வருமா’ என்ற இடத்தில் ‘வரும்’ என்று எழுதினேன். எங்கள் நிபந்தனைகளையும் சொன்னோம். முதல் மூன்று மாதம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் இருவரும் பேசித் திரும்புவோம், வீடு அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கே பூசைக்கு வருவோம். பிலோமியை முதல் மாதம் எந்தக் காரணம் கொண்டும் சமையல் பக்கம் விடக் கூடாது, அவளே கேட்டாலும். கடைசியை நான் சேர்த்தேன். அவள் முறைத்தாள், ஆனால் அதை நீக்கச் சொல்லவில்லை. அவளை ஸ்கேனுக்கும் கூட்டிப் போனேன். தோளில் தசை கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். ஒரு மாதமாக அந்தக் கையில் சாப்பிட்டிருக்கிறேன்.

சாயங்காலம் விக்டருக்குப் போன் போட்டேன். பதினைந்தாம் தேதி மாதா திருநாள் பூசை முடிந்து அங்கே போகிறோம், முடிவு செய்துவிட்டோம் என்றேன். கம்பி மாட்டியது வீணா என்றான். எல்லாரிடமும் வீட்டில்தான் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டேனே என்றான். குரல் ஏறிக்கொண்டே போனது.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம நீங்களா எப்படிப்பா முடிவு பண்ணலாம்?"

எனக்கு அவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. போனைப் பிலோமியிடம் கொடுத்தேன். அவள் அதை இடது கையில் வாங்கி, அவன் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

"ஆமாடா, வலிக்கும்தான்" என்றாள். "இப்பக் கேக்கறேன். ஒரு நாள் வந்து எங்களோட இருந்து, அங்க பந்தியில உக்காந்து சாப்ட்டுப் பாக்கறியா?"

அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்கே கேட்டது. வருகிறேன் என்றானாம். சாப்பிட்டாயா என்று கேட்டாள், இன்னும் இல்லை என்றிருக்கிறான். போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.